பக்கவாட்டுப் படம்

சுவிட்சு போர்டுக்குக் கீழே
ஓதம் ஏறிப் பொரிந்து கிடந்தது சுவர்.
மூணு மாசமாய்க் கேட்டும்
"ஐப்பசி போவட்டும்மா" என்றே சொல்லி
வாடகையை மட்டும் அஞ்சாம் தேதி தவறாமல்
வாங்கிப் போனார் வீட்டுக்கார நல்லசிவம்.

சென்னியப்பன் ராய்ப்பூர்ப் பக்கம்
யாரோ ஒருவர் சோளக்காட்டில்
அறுநூறு அடி இறக்கிக்கொண்டிருந்தான்.
திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு
வருசத்தில் எட்டு மாசம்
சுவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள்.

சுரண்டினேன். பட்டி பார்த்தேன். வெள்ளை பூசினேன்.
வெறும் வெள்ளை ஆஸ்பத்திரி போலிருந்தது.
அப்போதுதான் அந்த உறை ஞாபகம் வந்தது.

அட்டாலியில் துழாவி எடுத்தேன்.
உள்ளே அவன் கால், முட்டியிலிருந்து கணு வரை;
ராடு உருண்டு விழுந்த வருசத்துப் படம்.
இரும்புத் தகடு ஒன்று, திருகாணி ஆறு.
லாரிக்கு நம்பர் எழுதுகிறவர்கள்
இந்தப் பிலிமில்தானே அச்சு வெட்டுகிறார்கள்.
பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டால்
கண்ணாடியாய் வெளுத்துவிடும் என்றாள் பக்கத்து வாசல் ஜரினா.
மனசு வரவில்லை. அப்படியே வெட்டினேன்.

கொய்யா இலை ஒன்றைப் பறித்து மேலே வைத்துக்
கோடு இழுத்தேன், கொத்துக்கு ஐந்து.
இலையை முழுசாய் எடுத்துவிடக் கூடாது;
நடு நரம்பை விட்டு வெட்ட வேண்டும்,
இல்லையென்றால் ஓட்டைதான் மிஞ்சும்.
பெருவிரலில் ஒரு தரம் பிளேடு இறங்கியது.
தகடு இருந்த இடம் காம்பாயிற்று.
மூணாவது திருகாணியைத் தொடாமல்
சுற்றி வளைத்துப் போனேன்,
ஏனென்று தெரியாது.

முதல் கொத்து ஒழுகியது. டிஸ்டம்பரில் தண்ணீர் எச்சு.
துடைத்தேன். இன்னும் அசிங்கமாயிற்று.
மெத்தைப் பஞ்சைக் கிள்ளிப் பச்சையில் தொட்டு,
தினத்தாளில் ஒற்றி,
கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சால்
தட்டத் தட்டத்தான் ஓரம் கூராய் விழுகிறது.
தேய்க்காதே, தட்டு, தட்டு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிலிமை உரித்து, துடைத்து, அடுத்த இடத்தில் ஒட்டி
மறுபடி அவன் கால், மறுபடி ஒரு கொத்து.
ராத்திரி ரெண்டு மணிக்கு எண்ணினேன்: நாற்பத்தொன்று.
நிலவு ஓரத்தில் இடம் போதாமல்
கடைசிக் கொத்து பாதி இலையோடு நிற்கிறது.
வரிசை கிழக்கே ஒரு விரக்கடை சரிந்திருக்கிறது.
வீடு சரிவா, நான் சரிவா,
மட்டம் வைத்துப் பார்க்கவில்லை.

போட்டோ அனுப்பினேன்.
கம்ப்ரசர் இரைச்சலுக்குள்ளிருந்து கூப்பிட்டான்.
"சோக்கா இருக்குது புள்ள. அச்சு எங்க வாங்குன?"
"உங்க காலுதானுங்."
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
"அடக் கெரகமே, தகடு எடுக்கறப்ப
அதையக் கொண்டாரச் சொல்லியிருந்தாங்களே!"

பொங்கலுக்கு வந்தான். ஈரோட்டுக்குப் போனோம்.
உறையிலிருந்து உருவி
வெளிச்சப் பெட்டியில் சொருகினார் டாக்டர்.
மங்கலாய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கால்;
அதன் நடுவே கண் கூசும் வெள்ளையில்
ஐந்து கொய்யா இலை,
ஓரமெல்லாம் பச்சைப் பொருக்கு.
வாசலில் நின்ற நர்சு உள்ளே வந்து பார்த்தாள்.
"எலும்பு கூடிருச்சான்னு
இதுல எப்படிங்மா பாக்கறது?" என்றார் டாக்டர்.
சென்னியப்பன் தன் செருப்பைப் பார்த்தான்.
நான் இலையைப் பார்த்தேன்.
நரம்பெல்லாம் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறேன்.

நானூற்றைம்பது ரூபாய்க்குப் புதுசு எடுத்தார்கள்,
முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

வரும்போது பைக்கில் அவன் பேசவேயில்லை.
அவன் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே
உறை வளைந்து காற்றில் தடதடத்தது.
பள்ளிபாளையம் பாலத்தில்
கீழே காவிரி மெல்ல நகர்ந்துகொண்டிருக்க
தலையைத் திருப்பாமல் சொன்னான்:
"இதையாச்சும் தகடு எடுக்கற வரைக்கும் வெச்சிரு."

"ரெண்டு இருக்குதல்லங்க," என்றேன்.
"பக்கவாட்டை எனக்குக் குடுங்க."